முதல் பத்து மணி நேரம்

மார்ச் 2

அன்புள்ள அரைக்கிணறு,

போனில் இதையெல்லாம் பேச முடியாது. நான் "தம்பி இருக்கானா" என்று ஆரம்பித்ததுமே அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். பிறகு சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்பதைத் தாண்டிப் பேச்சு ஓர் அடி நகராது. அதனால்தான் கடிதம். இதோடு வரும் டப்பாவுக்குள் ஒரு கேம் டிஸ்க்கும், ஆடியதைச் சேமித்து வைக்கிற மெமரி கார்டும் இருக்கின்றன. கார்டை எங்கேயாவது வைத்துவிட்டு வீடு பூராவும் தேடாதே.

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பழகிவிட்டது, ஆட்கள்தான் இன்னும் பழகவில்லை. மதியம் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் ஒரே கேமைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "கறுப்புக் கோட்டையில ராணி சொன்னது பூரா பொய், கண்டுபிடிச்சியா?" என்கிறாள் ஒருத்தி. "அடிப்பாவி, சொல்லாதடி, நான் இன்னும் அங்க போகல" என்று காதைப் பொத்திக்கொள்கிறாள் இன்னொருத்தி. நான் டிபன் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் அந்த மேஜையில் ஓர் இடம் வேண்டும்டா.

அதனால் வாங்கினேன். உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற கேம். இதுவரை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். கதாநாயகன் தூங்கி எழுகிறான். எழுவதற்கே ஒரு யுகம். அப்பன்காரன் ஆட்டை ஓட்டி வா என்கிறான். ஆடு ஓடாது, முறைக்கும். அடுத்து, கொல்லனிடம் சுத்தியலைக் கொண்டுபோய்க் கொடு என்கிறார்கள். கொல்லன் தூங்குகிறான். அவன் எழுந்திருக்கும்வரை முற்றத்தைப் பெருக்க வேண்டுமாம். பெருக்கினேன். பிறகு ஒரு தாத்தா மரத்தடியில் உட்கார்ந்து உலகம் உண்டான கதையை ஆரம்பிக்கிறார். எந்தப் பட்டனை அமுக்கினாலும் அவர் நிறுத்துவதில்லை. இத்தனைக்கும் என் ஆள் கையில் இருப்பது வாள்கூட இல்லை, துடைப்பம். வீட்டில்தான் பெருக்குகிறேனே, டிவியிலும் பெருக்க வேண்டுமா?

எங்கள் சீனியர் அம்மா சொல்கிறார், "முதல் பத்து மணி நேரம் பொறுத்துக்கம்மா. அப்புறம் பாரு." பத்து மணி நேரத்தில் நான் ஊருக்கு வந்து உன்னை நாலு சாத்து சாத்திவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

சின்ன வயதிலிருந்தே ஆரம்பம் உன் துறை. ஆடு, கோழி, தாத்தா எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொள்வாய். ஆள் ஊரை விட்டுக் கிளம்பியதும் "இந்தாக்கா, எனக்குப் போதும்" என்று கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போவாய். எந்தக் கதாநாயகனையும் பெற்ற தாய் யாரென்று எனக்குத் தெரியாது. நான் வரும்போதே அவன் வாளோடுதான் நிற்பான். இதையும் அப்படி, ஊர் முடிகிற ஆற்றங்கரைவரை கொண்டுவந்து விட்டு அனுப்பு. அதற்குமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவசரக்குடுக்கை

பி.கு: "பல் டாக்டர்" என்று சொல்லும்போதெல்லாம் அம்மா ஏன் சிரிக்கிறாள்? வீட்டில் யாருக்குப் பல்வலி?


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கார்டு பத்திரம். ஆடுகளும் பத்திரம். மூன்றாவது ஆடு லேசாக நொண்டும், கவனித்தாயா? நீ எங்கே கவனிக்கப்போகிறாய், அதைத் தடியால் அடித்திருப்பாய். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மற்றவை தாமாகப் பின்னால் வரும். கொல்லன் சோம்பேறி இல்லை. ராத்திரியெல்லாம் உலையில் காய்கிறவன், பாவம், பகலில்தான் தூங்க முடியும். அந்தத் தாத்தாவின் கதையை நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை கேட்டால் ஒரு வரி மாற்றிச் சொல்கிறார், திருட்டுக் கிழவர்.

எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். ஒன்றுமே இன்னும் கெட்டுப்போகவில்லை, எந்தக் கதவைத் தட்டினாலும் யாரோ திறக்கிறார்கள். ஆற்றங்கரைக்கு வந்ததும் வாளைக் கொடுத்தார்கள், முதுகில் மூட்டையைக் கட்டினார்கள், எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. சேவ் பண்ணிவிட்டேன். இதோ உன் ஆள், இனி உன் பாடு அவன் பாடு.

பல்வலி யாருக்கும் இல்லை. என் கண்ணாடிக் கடைக்கு எதிரே மாடியில் ஒரு பல் கிளினிக் திறந்திருக்கிறார்கள். டாக்டர் ஒரு பெண். வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளும் பூதக்கண்ணாடியில் திருகு ஒன்று கழன்றுவிட்டது என்று எடுத்துவந்தார். நின்ற நிலையில் முடுக்கிக் கொடுக்கிற வேலை. "நாளைக்கு வாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் வந்தபோது மூக்கில் படிகிற இடம் சரியில்லை என்றேன். அதற்கடுத்த முறை காதில் படிகிற இடம். அதற்கப்புறம் கண்ணாடியில் குறையே இல்லாமல் வந்து, "காதும் மூக்கும் சரியா இருக்கு. வேற ஏதாவது கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

டீ குடித்தோம். நடந்தோம். எனக்கா பேச வராது, நான் பேசினேன், அவர் சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறார், பல் டாக்டரே இப்படிச் செய்யலாமா என்றேன், அதற்கும் சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் சொல்கிறார், "ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அப்பா உங்களைப் பாக்கணும்ங்கறார்." அவ்வளவுதான் அக்கா, கை தளர்ந்துவிட்டது. என் நல்ல ஜோக்கெல்லாம் தீர்ந்துவிட்டன. இனிமேல் அந்த வீட்டுக்குப் போய் என்ன பேசுவது? ஆற்றங்கரையில் வருகிற அதே கொட்டாவி இங்கேயும் வந்துவிடுமோ என்று உதறுகிறது.

ஒன்று கேட்கட்டுமா, திட்டாதே. ஒரு வாரம் லீவு போட்டு வந்து, அவர்கள் வீட்டில் பேசி, எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து விடேன். உனக்குத்தான் அதெல்லாம் வரும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 16

டேய்,

உன் கடிதத்தை நின்றுகொண்டுதான் படித்தேன். கடைசிப் பத்தியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீச்சல் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றாய். பேர் கொடுத்தாயிற்றே, ஆசிரியர் என்ன நினைப்பார் என்று நான் போய் நீந்தக் கற்றேன். கிடார் வாங்கினாய், இன்று வாசிப்பது நான். மொட்டை மாடியில் தக்காளி நட்டாய், தண்ணீர் சுமந்தது நான். இப்போது ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டாய். நான் வந்து குடும்பம் நடத்தட்டுமா?

கொட்டாவி வந்துவிடுமோ என்று பயப்படுகிற மூஞ்சியைப் பார். உன் கடிதத்தை லேப்காரி மாதிரி சோதித்துப் பார்த்தேன். அந்த டாக்டர் சிரித்ததைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய், வாயை மறைத்ததுகூட விடவில்லை. நொண்டி ஆட்டுக்கு ஒரு வரி, அவருக்கு ஒரு பக்கம். உனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறதுடா. இவரையும் ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு வந்துவிடுவாயோ என்று நிஜமாகவே பயமாக இருக்கிறது. கேமை எடுத்து ஆட நான் இருக்கிறேன். இவரை விட்டால் விட்டதுதான்.

அதனால் டிஸ்க்கையும் கார்டையும் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். தொடக்கூட இல்லை. வாளோடு நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்ப எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று உனக்கே தெரியும். நீயே ஆற்றைத் தாண்டு. நான் இங்கே லேபில் ஒரு டிஸ்க்கை இரவல் வாங்கிப் புதிதாக ஆரம்பிக்கிறேன். ஆடு, துடைப்பம், தாத்தா, எல்லாம். எனக்கு வராதது எனக்கு, உனக்கு வராதது உனக்கு. சரியா?

ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போ. காலர் கிழியாத சட்டை.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

ஆற்றைத் தாண்டியதும் ஓர் ஓநாய் நிற்கிறது. அதனிடம் செத்துச் செத்து எனக்குச் சாவு பழகிவிட்டது. மூட்டையில் கனம் அதிகமானால் ஆள் நடக்கமாட்டான், கனத்தைக் குறைத்தால் சண்டை போட ஒன்றும் இருக்காது. இதையா நீ இத்தனை வருஷமாக ரசித்து ரசித்து ஆடினாய்? இதில் என்ன சுகம் கண்டாய்?

சட்டையைத் தேய்த்து வைத்தேன். போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் மாத்திரைப் பட்டையோடு கடை வாசலில் வந்து நிற்கிறார். நான் ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டம் மாட்டிப் பார்த்துக்கொண்டு, பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் போகிறவரை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொய் ஓடவில்லை. கேம், கிடார், தக்காளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ எடுத்து முடிப்பதையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். பிறகு, "என்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான். வேர் சிகிச்சைக்கு நாலு தடவை வரணும். முதல் தடவையிலேயே வலி போயிடும். அப்புறம் ஆளே வர மாட்டாங்க. தற்காலிகமா அடைச்ச பல்லோட ஊரெல்லாம் சுத்திட்டு, உடைஞ்சதும் மூஞ்சி வீங்கி வந்து நிப்பாங்க. எனக்கு அவங்க மேல கோபம் வராது. வலி போனா எதுக்கு வரணும்னு அவங்களுக்குத் தோணுது, அவ்வளவுதான்" என்றார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வர வேண்டாம்னு தோணுச்சுன்னா வரலைன்னு சொல்லிடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க. நான் ராத்திரி பூரா கவலைப்பட்டேன்."

மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் கடைப் பக்கம் வரவில்லை. எதிர் மாடியில் விளக்கு எரிகிறது, அணைகிறது. நான் என்ன செய்யட்டும்?

தம்பி


ஏப்ரல் 1

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்றே லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ்ஸில் இடம் போட்டேன். பையில் துணிகூட அடுக்கிவிட்டேன். நேராக அந்த மாடிப்படி ஏறி, "அவன் நல்லவன்தாங்க, கொஞ்சம் கிறுக்கு" என்று சொல்லிக் காலில் விழாத குறையாகப் பேசிச் சரிக்கட்டிவிடுவது என்று திட்டம். வாக்கியங்கள்கூடத் தயார்.

பிறகு லீவை ரத்து செய்துவிட்டேன். பையைப் பிரித்துத் துணியைத் திரும்ப அடுக்கினேன். இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை, நம்பு. கை பரபரவென்று இருக்கிறது.

நான் வரமாட்டேன். நீ போ. மாடிப்படி ஏறு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். ஜோக் வேண்டாம். நீ ஜோக் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் உன்னைச் சகித்துக்கொள்ளலாம், இருபத்தெட்டு வருஷமாக நான் சகித்துக்கொள்ளவில்லையா?

என் பங்கு: ஆடுகளை ஓட்டிவிட்டேன். நீ சொன்னபடி நொண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், மற்றதெல்லாம் பின்னால் வந்தன, அதில் ஓர் அற்ப சந்தோஷம். தாத்தா பேசும்போது எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் இன்னும் கடல்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். போர்தான்டா. அதை மறைக்கமாட்டேன். இதற்கு விருது கொடுத்தவர்களெல்லாம் உன் ஜாதி. ஆனால் மேஜையில் இன்று நான் வாயைத் திறந்தேன். "அந்த முற்றத்தை எத்தனை தடவைதான் பெருக்கறது?" என்று கேட்டதும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கும் அது பிடிக்கவில்லையாம். வெளியே சொல்ல வெட்கமாம். சீனியர் அம்மா அந்த இடத்தில் மகனைப் பெருக்கச் சொல்லிவிட்டாராம்.

போ. போய்விட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 14, அஞ்சலட்டை

எழுதுடா. அம்மா போனில் ஒன்றுமே சொல்லாமல் சிரித்துச் சிரித்து வைக்கிறாள். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது, இங்கேயே அளந்து பார்த்துக்கொண்டேன். ஒரு வரி போதும். இந்த அட்டையைத் தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை, அவராவது ஒரு வார்த்தை சொல்லட்டும்.


மே 5

அன்புள்ள அக்கா,

ஒரு வரியில் எழுத முடியாது. அதனால்தான் தாமதம்.

அவர் வராத அந்த நாட்களில் கடையில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குழந்தை கண்ணாடியைக் கடித்து வைத்தது. ஒருவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கண்ணாடியைக் காணோம் என்று வந்தார். இதைப் போய் யாரிடம் சொல்வது? அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் நடக்காததைச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதே இல்லை அக்கா. நல்ல ஜோக்கைச் சொல்லத்தான் எப்போதும் ஆள் தேடியிருக்கிறேன்.

மாடி ஏறினேன். "காய்ச்சல் இல்ல. பயம். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டேன். "அப்பா நிறையப் பேசுவார்" என்றார்.

ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர் அப்பா. உட்கார்ந்ததும் பாலத்தின் நடுவில் ரயில் நின்ற கதையை ஆரம்பித்தார். உன் மரத்தடித் தாத்தா தோற்றார் போ. நீ இருந்திருந்தால் ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று அவர் சட்டையைத் தடவிப் பார்த்திருப்பாய். எனக்கு அது சர்க்கரை. கீழே வெள்ளம், பின்னால் இன்னொரு ரயில், இவர் கையில் ஒரு சிவப்பு விளக்கு. வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

அடுத்த வாரமும் போனேன். அதே பாலம். அதற்கடுத்த வாரமும் அதே பாலம், அதே வெள்ளம், அதே இடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்துகிறார். அவர் ஒரு வரியைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. வந்தேவிட்டது, நான் பயந்த அதே கொட்டாவி. நிமிர்ந்து பார்த்தால் எதிரே டாக்டரும் கொட்டாவி விடுகிறார், கையால் மறைத்துக்கொண்டு. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவர் கோபித்துக்கொண்டு, "சிரிக்கற இடமா இது? ரயில் வந்துட்டு இருக்கு" என்றார்.

கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எழுந்து போகத் தோன்றவில்லை அக்கா. அவ்வளவுதான் விஷயம். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் போகத் தோன்றவில்லை.

நேற்றுக் கிளினிக்குக்குப் போனேன். இன்றே கேட்டுவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று ஓர் அவசரம். உள்ளே ஓர் அம்மாள் வாயைத் திறந்து படுத்திருக்கிறார். டாக்டர் முகத்தில் முகமூடி, கையில் கருவி. நான் வாசலில் நின்றபடியே, "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் திறந்த வாயோடு ஏதோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. டாக்டர் திரும்பக்கூட இல்லை. "இவங்களுக்கு இது கடைசித் தடவை. முடிச்சிட்டுச் சொல்றேன். உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மீன் தொட்டியைப் பார்த்தேன். பல் துலக்குவது எப்படி என்ற படத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். உள்ளே கருவி கத்துகிறது, நிற்கிறது, மறுபடி கத்துகிறது. ஒருமுறைகூட வாசலைப் பார்க்கவில்லை அக்கா, சத்தியமாக.

கடைசியில் அந்த அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "பதிலைக் கேக்காம நான் போக மாட்டேன்" என்றார், பாதி வாயால். டாக்டர் கை கழுவிவிட்டு வந்து முகமூடியைக் கழற்றினார். "சரி" என்றார். அந்த அம்மாள்தான் முதலில் அழுதார்.

ஓநாயைப் பற்றிக் கேட்பாய். டாக்டர் ஒரு சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அதை எதுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கீங்க? சுத்திப் போங்களேன்" என்றார். சுற்றிப் போனேன். இப்போது மலையில் இருக்கிறோம். கனம் இன்னும் குறையவில்லை, நடக்கிறோம்.

உன்,
தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

லேபில் வைத்துப் படித்தேன். அழுதுவிட்டேன். சீனியர் அம்மா யாருக்கோ சோதனை முடிவு மோசமாக வந்துவிட்டதோ என்று ஓடி வந்தார். பிறகு கடிதத்தை மேஜையில் எல்லோருக்கும் படித்துக்காட்ட வேண்டியதாகிவிட்டது, மன்னித்துக்கொள். முகமூடி கழற்றுகிற இடத்தில் ஒருத்திகூடச் சாப்பிடவில்லை. இப்போது இங்கே உன்னைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

சந்தோஷமாக இருக்கிறதுடா. வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. கூடவே கொஞ்சம் பொறாமை. நீ தொடங்கி நான் தொடாமல் ஒன்று நடந்தேறுவது இதுதான் முதல் தடவை. மாலையில் வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். போகப் போகப் பழகிவிடும்.

கல்யாணத் தேதியை அம்மாவிடம் சொல்லும்முன் எனக்குச் சொல். லீவு எழுதிவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை.

கீழே உள்ளது உனக்கு இல்லை. இந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் கொடு. படிக்காதே. படிப்பாய் என்று தெரியும்.

டாக்டருக்கு,

நான் இவனுடைய அக்கா. உங்களை இன்னும் பார்த்ததில்லை, ஆனால் நீங்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். இவன் நல்லவன். தூங்குகிற கொல்லனைக்கூட எழுப்ப மனம் வராது இவனுக்கு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது இவன் கை தளர்ந்து, "அக்காவைக் கூப்பிடலாமா, அவ வந்து பேசிச் சரிபண்ணிடுவா" என்று ஆரம்பித்தால், தயவுசெய்து கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் நான் அடுத்த பஸ்ஸிலேயே ஓடி வந்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். உங்கள் சண்டையை நீங்கள் இருவருமே போட்டு, நீங்கள் இருவருமே முடியுங்கள். முடிந்த பிறகு, என்ன சண்டை என்று எனக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். முதலிலிருந்து எழுதுங்கள். பொறுமையாகப் படிக்கிறேன்.